பிக்காசாவுக்குப் பதிலாகப் பாதுகாப்பான இலவச மென்பொருள் எது? திருத்திய படங்களும் பழையபடி தெரிகின்றன

நிலாவெளி ரீச்சர்:
வணக்கம். முன்பள்ளி விழா, பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழா, வீட்டு விசேஷம் என்று எல்லாப் படங்களையும், படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவும் பிக்காசா மென்பொருளில்தான் வைத்திருக்கிறேன். 2016 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்திய பிறகும் பழைய கொம்பியூட்டரில் அது பாட்டுக்கு ஓடுகிறது. இப்போது விண்டோஸ் 11 உள்ள லாப்டொப் வாங்கியிருக்கிறேன். தேடினால் கண்ட கண்ட தளங்கள் வருகின்றன. ஒன்றில் இறக்கிய கோப்பு, கூடவே வேறு மென்பொருளும் போடவா என்று கேட்டது, மூடிவிட்டேன்.

எனக்குப் பெரிய வேலை இல்லை. வெட்ட வேண்டும், நேராக்க வேண்டும், கடற்கரை வெயிலில் கறுத்துப்போன பிள்ளைகளின் முகத்தை வெளிச்சமாக்க வேண்டும். பிக்காசாவில் ‘ஃபில் லைட்’டைக் கொஞ்சம் வலப்பக்கம் இழுத்தாலே முகம் தெளிந்துவிடும். அந்த மாதிரி ஒன்று வேண்டும்.

இன்னொன்று, பெண்டிரைவில் கொண்டுவந்த படங்களைப் புதிய லாப்டொப்பில் திறந்தால், நான் திருத்தியவை எல்லாம் திருத்தாத மாதிரியே இருக்கின்றன. ஏன்?

உட்துறைமுக வீதி ஸ்டூடியோ:
ரீச்சர், இரண்டாவது கேள்விதான் அவசரம். பிக்காசா உங்கள் படத்தைத் தொடுவதில்லை. என்ன திருத்தினீர்கள் என்பதை அந்தந்தக் கோப்புறையில் ‘.பிக்காசா.ஐஎன்ஐ’ என்ற மறைந்த கோப்பில் எழுதி வைக்கும், அவ்வளவுதான். ‘சேவ்’ கொடுத்தால்தான் படத்தில் ஏறும். அதனால் பழைய கொம்பியூட்டர் உயிரோடு இருக்கும்போதே பிக்காசாவைத் திறந்து, படங்களைத் தெரிவு செய்து, ‘எக்ஸ்போர்ட்’ கொடுங்கள். அளவுக்கு ‘ஒரிஜினல் சைஸ்’, தரத்துக்கு ‘மேக்சிமம்’. புதிய கோப்புறையில் திருத்தங்களோடு வந்துவிடும். மூலப் படங்களையும் தனியாக வெளி ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். இது முடியும் வரை அந்தக் கொம்பியூட்டரை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

மூதூர்த் தம்பி:
அக்கா, பிக்காசாவுக்கு நெருக்கமானது டிஜிகேம். முழுக்க இலவசம், மூலநிரல் திறந்தது. ஆல்பம், முகம் அடையாளம் காண்பது, வெட்டுவது, சிவந்த கண் திருத்துவது எல்லாம் உண்டு. திருத்தியதைப் புதிய பதிப்பாகச் சேமிக்கும், மூலப்படம் அப்படியே இருக்கும். பார்க்கக் கொஞ்சம் நெரிசலாக இருக்கும், போகப்போகப் பழகிவிடும்.

கறுத்த முகத்துக்கு ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள். அதில் ‘கலர்ஸ்’ பட்டியலில் ‘ஷேடோஸ்-ஹைலைட்ஸ்’ இருக்கிறது. ‘ஷேடோஸ்’ஸை மட்டும் மெல்ல ஏற்றுங்கள். கூடினால் முகம் சாம்பல் பூசிய மாதிரி ஆகிவிடும்.

உட்துறைமுக வீதி ஸ்டூடியோ:
தம்பி சொன்னது சரி. ஆனால் எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் முக்கியம். 2015இல் சோர்ஸ்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் இறக்கும் தளத்தில் கிடைத்த ஜிம்ப் நிறுவியோடு விளம்பர மென்பொருளும் ஒட்டி வந்தது. 2022இல் கூகுள் தேடலின் மேலே வந்த ஒரு விளம்பரம் ஜிம்பின் சொந்த முகவரியையே காட்டி, போலித் தளத்துக்குக் கொண்டுபோய்க் கடவுச்சொல் திருடும் நிரலைக் கொடுத்தது. ஆகவே தேடலில் ‘ஸ்பொன்சர்ட்’ (விளம்பரம்) என்று இருப்பதைத் தொடாதீர்கள். முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள்: ஜிம்ப் டொட் ஓஆர்ஜி, டிஜிகேம் டொட் ஓஆர்ஜி. இறக்கிய கோப்பைத் திறக்க முன், வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் ஒருமுறை பாருங்கள்.

கன்னியா:
பிள்ளைகளின் படங்கள் என்பதால் நானும் ஒன்று சொல்கிறேன். இணையத்திலேயே திருத்தித் தரும் பல தளங்கள் படத்தைத் தங்கள் சேர்வருக்கு ஏற்றிக்கொள்ளும். பெற்றோரைக் கேட்காமல் அப்படிச் செய்யக்கூடாது. ஃபோட்டோபீ என்ற படத்திருத்தத் தளம் பரவாயில்லை, பிரவுசரில் ஓடினாலும் படம் உங்கள் கணினியை விட்டுப் போகாது.

நிலாவெளி ரீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்போர்ட் சரியாக வருகிறது, திருத்தங்கள் அப்படியே இருக்கின்றன. ஜிம்பும் போட்டுவிட்டேன். ஆனால் எக்ஸ்போர்ட் செய்த படங்கள் எல்லாவற்றுக்கும் இன்றைய திகதி விழுந்திருக்கிறதே?

மூதூர்த் தம்பி:
அது கோப்பு உருவான திகதி அக்கா. எடுத்த திகதி படத்துக்குள் எக்ஸிஃப் (கமரா பதியும் விபரம்) தகவலாக இருக்கும், டிஜிகேம் அதைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்தும். ஸ்கேன் செய்த பழைய படங்களுக்கு மட்டும் டிஜிகேமின் ‘அட்ஜஸ்ட் டைம் அண்ட் டேட்’ மூலம் நீங்கள் கொடுக்க வேண்டிவரும். முகங்களுக்குப் பெயர் போட்டிருந்தால், எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே பிக்காசாவின் ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘எக்ஸ்பெரிமென்டல்’ என்பதற்குள் போய், முகங்களின் பெயர்களைப் படத்துக்குள்ளேயே பதியும் எக்ஸ்எம்பி தகவலாக எழுதச் சொல்லுங்கள். முதலில் ஒரு சிறிய கோப்புறையில் செய்து பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள்.