Re: ஜெர்மானியப் பொறிப்புக் கத்திக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

சேகரிப்பாளர்களுக்கான நம் அகராதியில், அலகில் அமிலத்தால் எழுத்தும் ஓவியமும் பதித்த ஜெர்மன் பயனெட்டுக்கு (பயனெட் என்றால் துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தி) என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற கேள்விக்கு வந்த யோசனைகளைப் பற்றி எழுதுகிறேன்.

> 'அரிப்பு வேலைப்பாட்டுப் பயனெட்' என்றே வைத்துவிடலாமே, அமிலம் அரிப்பதுதானே நடக்கிறது?

நடப்பது அதுதான். ஆனால் சேகரிப்பவர் காதில் 'அரிப்பு' வேறு மாதிரி விழும். துருப் பிடித்துக் குழி விழுந்த கத்தியையும் அரிப்புள்ள கத்தி என்றுதான் சொல்வோம். விற்பவர் 'நல்ல அரிப்பு' என்று எழுதினால் வாங்குகிறவர் ஓடிவிடுவார்.

'செதுக்கல்' என்றால் உளி வந்துவிடுகிறது. கத்தித் தொழிலுக்குப் பெயர்போன ஜெர்மன் நகரமான ஸோலிங்கனின் பட்டறைகளில் இந்த வேலைக்கு உளி எடுப்பதில்லை. அமிலம் தாக்காத மையில் எழுத்தையும் ஓவியத்தையும் தாளில் அச்சிட்டு அலகின் மேல் ஒற்றி எடுப்பார்கள். மை படாத இடத்தை அமிலம் தின்னும். பின்புலம் தாழ்ந்து மங்கலாகிவிடும், எழுத்து பளபளவென்று மேலே நிற்கும். விரல் நுனியால் தடவினாலே மேடு தெரியும்.

இதற்குப் 'பொறிப்பு' பொருந்தும் என்பது என் கருத்து. கல்லில் வெட்டுவதையும் பொறித்தல் என்கிறோம், காசில் புடைத்து நிற்கும் புலியையும் புலிப்பொறி என்கிறோம். பள்ளம், மேடு இரண்டையும் தாங்கும் சொல் அது. முன்னால் 'அமில' சேர்த்தால் குழப்பம் தீர்ந்தது: அமிலப் பொறிப்பு.

> பயனெட்டுக்குத் 'துப்பாக்கிச் சனியன்' இருக்கிறதே?

இருக்கிறது, பழைய மொழிபெயர்ப்புகளில் நானும் ரசித்திருக்கிறேன். ஆனால் நாம் பேசும் பொருள் துப்பாக்கி முனைக்கே போகாதது. 1930களில் ஜெர்மன் சிப்பாய் விடுப்பில் ஊருக்குள் போகும்போது, நல்ல சீருடையோடு இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்ளச் சொந்தக் காசில் வாங்கியது. அலகுக்கு நிக்கல் பூச்சு, கைப்பிடிக்குக் கட்டம் போட்ட கறுப்புத் தகடு. துப்பாக்கியில் மாட்டும் பள்ளத்தைப் பெயருக்கு விட்டுச் சிவப்புக் கம்பளித் துணியால் அடைத்திருப்பார்கள். பல கத்திகளில் அந்தப் பள்ளமே கிடையாது. ஜெர்மன் படை வழக்கில் பயனெட்டுக்கு 'ஸைட்டன்கெவேர்' என்றுதான் பெயர். பக்கவாட்டு ஆயுதம் என்று பொருள்.

நம்மிடம் 'உடைவாள்' இருக்கிறது. அந்த வழியில் 'உடைக்கத்தி' எனலாம். 'உடைக்கும் கத்தி' என்று யாராவது படிப்பார்களோ என்ற பயம் எனக்கும் உண்டு. இருந்தாலும் உடைவாளை அப்படி யாரும் படிப்பதில்லையே. 'அலங்காரக் கத்தி' வேண்டாம், அது வரவேற்பறைச் சுவரில் மாட்டுவதற்கு ஆகிற சொல்.

ஆக, முழுச்சொல்: அமிலப் பொறிப்பு உடைக்கத்தி. கொஞ்சம் நீளம்தான். பேச்சில் 'பொறிப்புக் கத்தி' என்று சுருங்கிக்கொள்ளும்.

அலகில் பெரும்பாலும் காணப்படும் வாசகம் 'ட்ஸூர் எரின்னெருங் அன் மைனே டீன்ஸ்ட்ட்ஸைட்': என் படைச்சேவைக் காலத்தின் நினைவாக. கட்டாயப் படைச்சேவை 1935-இல் திரும்பி வந்தபின் இதற்கு நல்ல கிராக்கி. வாசகத்தோடு படைப்பிரிவின் பெயரும் ஓக் இலைக் கொத்தும் இருக்கும்.

அப்புறம் 'தயாரிப்பாளர் முத்திரை' என்ற பதிவும் அகராதியில் வேண்டும். எய்க்ஹார்ன் என்ற கத்தி நிறுவனத்துக்கு அணில், டபிள்யூ.கே.ஸி. நிறுவனத்துக்கு வீரனின் தலை. அல்கோஸோ முத்திரை கோப்பல் என்ற யூதக் குடும்பத்தின் நிறுவனத்துடையது. நாஜி ஆட்சியில் அது அவர்கள் கையைவிட்டுப் போனது. அந்தக் குடும்பத்து அலெக்ஸாண்டர் கோப்பல் 1942-இல் தெரேஸியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். அவர்கள் பெயர் தாங்கிய கத்தி அந்த ஆட்சியின் சிப்பாய் இடுப்பில் தொங்கியது. முத்திரை விளக்கத்தில் இதற்கு இரண்டு வரி ஒதுக்கியே ஆகவேண்டும், சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி. வெறும் அலகுள்ள பழைய கத்தியை வாங்கி இப்போது எழுத்தேற்றி விலையைக் கூட்டுகிறார்கள். அதைப் 'பின்பொறிப்பு' என்போமா? பூதக்கண்ணாடியில் பாருங்கள். உண்மையான பொறிப்பு என்றால், உறையில் போட்டு எடுத்துப் பல ஆண்டுகளாக விழுந்த கீறல்கள் எழுத்தின் மேலேயே ஏறிப் போயிருக்கும். பின்பொறிப்பில் கீறல் எழுத்தின் விளிம்பு வரை வந்து, தாழ்ந்த பின்புலத்தில் காணாமல் போய், அடுத்த எழுத்தில் மீண்டும் தொடங்கும். 'போலி' என்ற சொல் இங்கே சரிப்படாது, கத்தி அசல்தான், எழுத்துதான் புதுசு. இதைவிடச் சின்னதாக யாரிடமாவது இருந்தால் அனுப்புங்கள்.