சின்னப் பிள்ளையோடு அதிகமாகப் பேசுவது எப்படி?

கேள்வி (இலங்கை மலையகம், ஹட்டன் பக்கம்):
பகலெல்லாம் மகன் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகத்தில்). தேயிலை மலையில் வேலை முடிந்து நான் வந்தால் தண்ணீர், சமையல், அப்புறம் தூக்கம். "வா, சாப்பிடு, தொடாதே" தவிர வேறு பேச்சே இல்லை. இரண்டு வயது. என்ன செய்யலாம்?

பொகவந்தலாவை அக்கா:
தங்கச்சி, தனி நேரம் தேட வேண்டாம். ரொட்டிக்கு மா பிசையும்போதே "உனக்கும் உருண்டை வேணுமா?" என்று கேட்டு, அவன் வெறும் "ஆ" என்றாலும் பொறுத்திருந்து அதற்குப் பதில் சொல்லுங்கள். மாறி மாறிப் பேசுவதுதான் முக்கியம்.

நானுஓயா:
அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரில் லீனா என்ற சிறு கருவியைப் பிள்ளையின் சட்டையில் வைத்து, அந்த மாறி மாறிப் பேசுவதை எண்ணி, பெற்றோருக்குக் காட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். நீங்கள் போனில் பத்து நிமிடம் பதிந்து கேளுங்கள், எங்கே அவசரப்படுகிறீர்கள் என்று தெரியும். டிவியை நிறுத்திவிட்டுப் பதியுங்கள்.

ஹட்டன் பக்கம்:
சரி அண்ணா, இன்றைக்கே பதிகிறேன்.