இரவல் வந்த ஆள் எதிரே நின்றால்: ஃபைட்டிங் கேம் கெஸ்ட் கேரக்டர் அனுபவங்கள்

வேறொரு கேமிலிருந்தோ படத்திலிருந்தோ இரவல் வந்த கேரக்டர் எதிரே நின்றால் எங்கே மாட்டிக்கொள்கிறோம், எப்படித் தப்பிக்கலாம் என்று தெரிந்ததை இங்கே எழுதுங்கள். "ரொம்பக் கஷ்டம்", "ஏமாற்று வேலை" என்று ஒரு வரியில் முடித்தால் யாருக்கும் உதவாது. எந்த அடி, எந்தத் தூரம், எது வீணாகிறது என்று எழுதுங்கள்.

தொடங்கி வைக்கிறேன்: சோல்கேலிபர் 4-இன் யோடா. 2008-இல் கேம் வந்தபோது எக்ஸ்பாக்ஸ் 360 பதிப்பில் யோடாவும் பிளேஸ்டேஷன் 3 பதிப்பில் டார்த் வேடரும் இருந்தார்கள். பிறகு ஒரு பக்கத்து ஆளை மறுபக்கத்தார் தனியாக வாங்கிக்கொள்ளும்படி விட்டார்கள். யோடாவிடம் இரண்டு விதிகள் செல்லாது. ஆள் குள்ளம் என்பதால் ஹை (தலை உயர) அடிகள் தலைக்கு மேலே போய்விடும். த்ரோவும் (பிடித்து எறிவதும்) அவர்மேல் வேலை செய்யாது.

முதல் சிக்கலைத் தீர்ப்பது எளிது. பெரும்பாலான கேரக்டர்களுக்கு ஏ பட்டனை இருமுறை தட்டினால் வருவது ஹை, ஹை. கை பழகிப்போன அந்தத் தட்டலை இந்த மேட்ச்சில் மறந்துவிட்டு, பி பட்டனின் செங்குத்து வெட்டுகளை முன்னிறுத்த வேண்டும். அவற்றில் பெரும்பாலானவை மிட் (உடல் உயர அடி). இரண்டாவதுதான் ஆழமான சிக்கல். இந்த கேமில் நின்றபடி பிளாக் செய்பவரைக் குழப்புவதே மிட்டும் த்ரோவும் சேர்ந்துதான். த்ரோ பயம் இல்லை என்றால் யோடா நிம்மதியாக நின்று பிளாக் செய்வார், லோ (கால் உயர) அடிக்கு மட்டும் குனிந்தால் போதும். அதனால் அவர் பிளாக் செய்வதையே அவருக்கு எதிராகத் திருப்ப வேண்டும். சோல்கேலிபர் 4-இல் பிளாக் செய்யச் செய்ய சோல் கேஜ் குறையும். அது சிவப்பாக மினுங்கும்போது கனமான அடி ஒன்றை பிளாக் செய்தால் சோல் கிரஷ் ஆகும் (தடுப்பு உடையும்), அந்த நொடியில் ஏ, பி, கே, ஜி நான்கையும் சேர்த்து அழுத்தினால் கிரிட்டிகல் ஃபினிஷ் (ஒரே அடியில் முடிவு). மற்றவர்களிடம் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாக இருந்த இந்த வசதி யோடாவிடம்தான் உண்மையான ஆயுதம்.

*

மேலே சொன்னதில் ஒரு சின்னச் சேர்க்கை. குள்ளமான கெஸ்ட் என்ற தொல்லை யோடாவோடு தொடங்கவில்லை. 1998-இல் பிளேஸ்டேஷனுக்கு வந்த டெக்கன் 3-இல் கான் என்ற குட்டி டைனோசர் இருந்தது. மசாஷி தனாகாவின் மாங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) தொடரிலிருந்து வந்தது. அதனிடமும் ஹை அடி மேலே போகும். கானைப் பூட்டிலிருந்து விடுவிக்க ஒரு வழி, டெக்கன் பால் என்ற பந்து விளையாட்டு மோடில் அதை ஜெயிப்பது. ஆனால் அதைச் சமநிலை பார்த்து வைத்த கேரக்டர் என்று யாரும் நினைக்கவில்லை. அது விளையாட்டுக்கு வைத்த விளையாட்டு.

*

டெக்கன் 7 அகுமா பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இவர் கொண்டு வந்தது உருவத்தை மட்டும் அல்ல, ஸ்ட்ரீட் ஃபைட்டரின் சட்டப் புத்தகத்தையே. கதையில்கூட வெறும் விருந்தாளி இல்லை. கசுமி மிஷிமாவிடம் பட்ட கடனைத் தீர்க்க ஹெய்ஹாச்சியையும் கசுயாவையும் கொல்ல வருகிறார். 2016-இல் ஆர்கேடிலும் 2017-இல் வீட்டுக் கன்சோல்களிலும் வந்தார்.

எதிரே விளையாடுபவர் தடுமாறுவது நான்கு இடங்களில். ஒன்று, குதிப்பு. டெக்கன்காரர்களுக்கு எதிராளி தலைக்கு மேலே பறந்து வருவது பழக்கமில்லை. அகுமாவின் குதிப்பு உண்மையான 2டி குதிப்பு. அந்த நேரத்தில் பதறிப்போய்க் குனிபவர்கள் அடி வாங்குவார்கள். நின்றபடி பிளாக் செய்வதுதான் சரி. அவர் உங்களைத் தாண்டிப் பின்னால் இறங்குகிறார் என்று தெரிந்தால், அவருக்குக் கீழாக முன்னால் ஓடிவிடுவது இன்னும் நல்லது.

இரண்டு, ஹடோக்கன். கீழ், கீழ்-முன், முன் என்ற கால்வட்ட அசைவில் வரும் அந்தப் பந்து நேர்க்கோட்டில்தான் போகும். டெக்கனில் சைட்ஸ்டெப் இருக்கிறது என்பதை மறந்துவிட்டுப் பின்னால் நடந்துகொண்டே பிளாக் செய்பவர்கள்தான் அதற்குப் பலி. ஒரு பக்கம் விலகி முன்னேறினால் தூரத்தின் பலன் அவருக்குக் கிடைக்காது.

மூன்று, ஹியக்கி என்ற குட்டிக்கரணம். அதிலிருந்து வழுக்கி வரும் லோவும் உண்டு, மேலிருந்து இறங்கும் உதையும் உண்டு. கரணம் ஆரம்பித்ததும் எதையாவது ஒன்றை ஊகிப்பதைவிட, சரியான நேரத்தில் வேகமான ஜாபால் (சின்னக் குத்தால்) காற்றிலேயே தட்டிவிடுவது மலிவு. வழுக்கலைக் குனிந்து பிளாக் செய்துவிட்டால், திருப்பிக் கொடுக்கத் தாராளமாக நேரம் இருக்கும்.

நான்காவதுதான் உயிர்நாடி: மீட்டர், அதாவது ஆட்டத்தில் நிறையும் சக்திப் பட்டை. டெக்கனில் பெரும்பாலானவர்களுக்கு இல்லாத ஒன்று. அதைச் செலவழித்து ஸ்பெஷலை நடுவில் அறுத்து, முன்னே பாய்ந்து காம்போவை நீட்டுவார். திரையின் கீழே பார்க்கும் பழக்கம் டெக்கன்காரர்களுக்கு இல்லாததால், "எங்கிருந்து இவ்வளவு அடி வந்தது?" என்று கேட்பார்கள். ஒவ்வொரு முறை தரையில் விழுந்து எழும்போதும் உங்கள் உயிர்ப் பட்டையைப் பார்க்கும் முன் அவர் மீட்டரைப் பாருங்கள். மீட்டர் நிறைந்திருந்தால் சுவரை ஒட்டி நிற்காதீர்கள்.

*

அகுமா விஷயத்தில் ஒத்துப்போகிறேன். ஆனால் அதே கேமின் நாக்டிஸை (2018) யாரும் சொல்லவில்லையே? ஃபைனல் ஃபேன்டஸி 15-இலிருந்து வந்தவர். இவரிடம் மீட்டர் கிடையாது. ஆயுதத்தை எறிவது, அதை நோக்கிப் பாய்வது என்று தூரம்தான் பலம். தூரத்தில் நின்று வாய்ப்பைத் தேடுவது பிழை. அவர் ஆயுதம் நீண்டு முடிந்த கணத்தில் நுழைந்து, கைக்கெட்டும் தூரத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும்.

*

நின்டெண்டோவின் ஸ்மாஷ் பிரதர்ஸ் பக்கம் திரும்புவோம். வெளி நிறுவனத்துக் கேரக்டர்கள் முதலில் வந்தது 2008-இல், அந்தத் தொடரின் பிரால் என்ற பதிப்பில்: ஸ்னேக்கும் சோனிக்கும். பிறகு வந்த அல்டிமேட் பதிப்பில் கூட்டமே இருக்கிறது, கடைசியாக 2021 அக்டோபரில் சோரா. அதிகம் கேள்வி வரும் மூவரைப் பற்றி மட்டும்.

டெர்ரி போகார்ட்: ஒருவர் எதிர் ஒருவர் ஆட்டத்தில் எப்போதும் உங்களைப் பார்த்தே திரும்பி நிற்பார், ரியூ, கென், கசுயா ஆகியோருக்கும் இது உண்டு. அதனால் அவர்களின் பின்பக்கம் என்ற ஒன்று இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெர்ரியின் சேதம் (ஸ்மாஷில் அடி வாங்க வாங்க ஏறும் எண்) 100 சதவீதத்தைத் தாண்டினால் பவர் கெய்சர், பஸ்டர் உல்ஃப் என்ற இரண்டு பலத்த அடிகள் திறக்கும். ஆகவே 95 சதவீதத்தில் இருக்கும் டெர்ரியை இன்னொரு சின்ன அடியால் 100-ஐத் தாண்டவிடுவது பல சமயம் கெட்ட பேரம். நேராக வெளியே தள்ளும் அடிக்குக் காத்திருங்கள். பஸ்டர் உல்ஃபின் முதல் பாய்ச்சல் கேடயத்தில் (ஸ்மாஷின் பிளாக்) பட்டால் வெடிப்பு வராது, அவர் திறந்து கிடப்பார். பதற்றத்தில் குதிப்பவர்கள்தான் அதில் மாட்டுகிறார்கள்.

ஹீரோ (டிராகன் குவெஸ்ட்): கீழ் ஸ்பெஷலை அழுத்தினால் 21 மந்திரங்களில் நான்கு மட்டும் தற்செயலாகப் பட்டியலில் வரும். மந்திரத்துக்குச் செலவாகும் எம்பி 100, அது மெல்ல நிறையும், அடி கொடுத்தாலும் கூடும். பட்டியலைப் படிக்கும் அந்தச் சின்ன இடைவெளிதான் உங்கள் சாவி. நெருங்கி நின்றால் அவர் படித்து முடிக்கும் முன் அடிக்கலாம். ஸ்மாஷ் அடிகளில் எட்டில் ஒன்று கிரிட்டிகலாக மாறும். அதற்கு எந்த எதிர்விளையாட்டும் இல்லை, அதனால்தான் சில இடங்களில் போட்டிகளில் தடை கேட்டார்கள். இன்னொரு நடைமுறைச் சங்கடம்: பட்டியல் கன்சோலின் மொழியில் வரும். வேற்று மொழி அமைப்பில் விளையாடினால் எதிரே இருப்பவருக்கு என்ன வருகிறது என்றே தெரியாது.

ஸ்டீவ் (மைன்கிராஃப்ட்): இவருடன் சண்டை போடுவதைவிட இவருடைய கிடங்குடன் சண்டை போட வேண்டும். மண், மரம், கல், இரும்பு, தங்கம், ரெட்ஸ்டோன், வைரம் என்று தோண்டிச் சேர்ப்பார். ஆயுதங்கள் தேயும், உடையும். தோண்ட விட்டுவிட்டுத் தூரத்தில் நிற்பதே பெரிய பிழை. கிராஃப்டிங் டேபிளை உங்களால் உடைக்க முடியும், அதைச் செய்பவர்கள் குறைவு. கையில் வைரம் வந்துவிட்டால் ஆயுதம் தேயும்வரை கேடயமும் தூரமும்தான் வழி. தங்கக் கருவி என்றால் அடி வேகம் அதிகம், ஆனால் சீக்கிரம் உடையும்.

*

கசுயாவை ஏன் விட்டீர்கள் நண்பரே? ஸ்மாஷில் அவரும் கெஸ்ட்தான். சேதம் 100-ஐத் தாண்டியதும் ரேஜ் வரும். அப்போது அவர் பிடித்தாலே ரேஜ் டிரைவ், கேடயம் உதவாது. ஆனால் மேடைக்கு வெளியே தூக்கி எறிந்தால் திரும்பி வர அவருக்கு வழி குறைவு. டெவில் சிறகு மேலே தூக்கும், பக்கவாட்டில் அதிகம் தராது.

*

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் டெர்ரி (2024 செப்டம்பர்), மை ஷிரனுய் (2025 பிப்ரவரி) இருவரையும் சந்திக்கும் ஸ்மாஷ் ரசிகர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே பெயர், வேறு விதி. அங்கே பஸ்டர் உல்ஃப் 100 சதவீதச் சேதத்துக்குக் காத்திருந்தது; இங்கே அது லெவல் 1 சூப்பர், ஒரு பட்டை இருந்தால் போதும், ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே வரலாம். டெர்ரி பாய்ந்து குத்தும் பர்ன் நக்கிளை அருகிலிருந்து விட்டு நீங்கள் பிளாக் செய்தால் தண்டிக்கலாம்; சரியான தூரத்திலிருந்து நுனி மட்டும் தொட்டால் உங்கள் கை எட்டாது. எந்தத் தூரம் என்பதை ஊகித்துக் கற்க வேண்டாம்: டிரெய்னிங் மோடில் ஃபிரேம் மீட்டரை இயக்கி, டம்மியைப் பதிவு செய்து, ஒவ்வொரு அடியாகத் தள்ளி நின்று பாருங்கள். ஒரு ஃபிரேம் என்பது நொடியில் அறுபதில் ஒரு பங்கு. கண்ணால் கணிக்க முடியாததை அந்தப் பட்டை காட்டிவிடும்.

மையிடம் பார்க்க வேண்டியது நெருப்பு இருப்பு. அது இருக்கும்போது ஸ்பெஷல்கள் வலுக்கும். விசிறியை எறிந்துவிட்டு அவர் நெருப்பைச் சேர்க்க நிற்கும் நேரத்தில் நீங்கள் சும்மா நின்றால், அடுத்த விசிறிக்குப் பின்னால் அவரும் வருவார்.

வாங்காத கேரக்டரைப் பழகுவது எப்படி என்று அடிக்கடி கேட்கிறார்கள். அதே கேமில் ரெண்டல் டிக்கெட் இருக்கிறது. ஒரு டிக்கெட்டுக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்தைக் காம்போ பழகுவதில் வீணாக்காமல், எதிராளியாக நிறுத்தி அவரின் ஐந்து முக்கிய அடிகளை பிளாக் செய்து பார்ப்பதுதான் லாபம்.

*

கேள்வி: மார்ட்டல் கோம்பாட் கெஸ்ட்கள்?

எண்ணிக்கை அதிகம், விதி மாற்றம் குறைவு. 2011 பதிப்பில் பிளேஸ்டேஷன் 3-க்கு மட்டும் கிரேட்டோஸ், பிறகு ஃப்ரெடி குரூகர். மார்ட்டல் கோம்பாட் எக்ஸில் ஜேசன், பிரிடேட்டர், ஏலியன், லெதர்ஃபேஸ். 11-இல் டெர்மினேட்டர், ஜோக்கர், ஸ்பான், ரோபோகாப், ராம்போ. இவர்கள் கேமின் சொந்த அமைப்புக்குள்ளேயே கட்டப்பட்டவர்கள், அதனால் பொதுவான பிளாக், த்ரோ தப்பிப்பு, மீட்டர் எல்லாம் அப்படியே செல்லும். வேறுபடுவது அவரவர் அடிகளும் குரலும் இறுதி வெட்டும்தான். 11-இல் ராம்போவுக்கு ஸ்டாலோனும் ரோபோகாப்புக்குப் பீட்டர் வெல்லரும் குரல் கொடுத்தார்கள். டெர்மினேட்டரில் இருப்பது ஷ்வார்ஸ்நெகரின் முகம் மட்டும், குரல் வேறொருவருடையது.

*

வாங்கும் முன் ஒன்று: கெஸ்ட் எந்தப் பதிப்பில் இருக்கிறார் என்று பாருங்கள். சோல்கேலிபர் 2-இல் கேம்கியூபில் லிங்க், பிளேஸ்டேஷன் 2-இல் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸில் ஸ்பான். 2013-இன் எச்டி பதிப்பில் ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் உண்டு, லிங்க் இல்லை. லிங்க்கின் அம்பும் குண்டும் வேண்டும் என்றால் பழைய கேம்கியூப் வட்டைத்தான் தேட வேண்டும்.

*

இன்னும் பின்னால் போனால் 1993, ஃபேட்டல் ஃப்யூரி ஸ்பெஷல். ஆர்ட் ஆஃப் ஃபைட்டிங்கிலிருந்து ரியோ சகசாகி வந்தார். சும்மா வரமாட்டார், ஒரு ரவுண்டைக்கூடத் தோற்காமல் எல்லோரையும் முடித்தால்தான் எதிரே நிற்பார். கடைசி ஆளான கிராவுசரிடம் ஒரே ஒரு ரவுண்டு நழுவினாலும் திரும்ப முதலிலிருந்து.