லூப்பா, ஈவென்ட்டா? ஊறல் தொட்டி பஞ்சாயத்து

திருவாரூர் பேனல்: நேத்து ஒரு தம்பி எழுதியிருந்தாரு: "சென்சாரை லூப் போட்டுப் பாத்துக்கிட்டே இருக்கிறது தாத்தா காலத்து வேலை. ஈவென்ட் வந்தா மட்டும் எந்திரிக்கிறதுதான் புரோகிராம்." படிச்சதுலேருந்து வயிறு எரியுது. எங்க ஊர் ரைஸ் மில் பக்கம் வாங்க. நெல் ஊறல் தொட்டியில மிதவை சுவிட்ச், தண்ணி ரொம்பினா மேல ஏறி மோட்டாரை நிறுத்தச் சொல்லும். பி.எல்.சி.ன்னு மெஷினை ஓட்டுற சின்ன கம்ப்யூட்டர் இன்புட்டைப் படிக்கும், லாஜிக்கை ஓட்டும், அவுட்புட்டை எழுதும், மறுபடி முதல்லேருந்து. ஒரு சுத்து சில மில்லிசெகண்ட்தான். தொட்டி ரொம்பி நிக்கிறப்போ கரன்ட் போயி வருது. சுவிட்ச் ஏற்கெனவே மேலதான் இருக்கு. புதுசா ஈவென்ட் எங்கேருந்து வரும்? மோட்டார் பாட்டுக்கு ஓடும்.

கும்பகோணம் கோடர்: அந்தத் தம்பி நான்தான். பூட் ஆகுறப்போ சுவிட்ச் இன்புட்டை ஒரு தடவை படிச்சா தீந்துச்சு. உங்க லூப்புல எவனாவது ஒரு செகண்ட் டிலே போட்டா தண்ணி ஓட்டத்தை அளக்குற ஃப்ளோ மீட்டர் பல்ஸ் மொத்தமும் அம்பேல்.

திருவாரூர் பேனல்: எந்த பி.எல்.சி.யில டிலே போட்டு நிறுத்துறான்? பல்ஸுக்கு ஹை ஸ்பீட் கவுன்ட்டர் தனியா இருக்கு. அதை விடுங்க. கரன்ட் போயி வந்தா?

கும்பகோணம் கோடர்: அந்தச் சுத்தை, அதான் ஸ்கேனை, நம்ப முடியாமதானே தனி கவுன்ட்டர் வச்சான்?

மன்னார்குடி மைனர்: 1969ல அப்போலோ 11 இறங்குறப்போ கம்ப்யூட்டருக்கு வேலை தாங்கலன்னு 1202 அலாரம் அடிச்சுது. முக்கியமில்லாத வேலையைத் தள்ளிட்டு முக்கியமானதை மட்டும் ஓட்டுச்சு அந்த கம்ப்யூட்டர். சும்மா சுத்துற லூப்பா இருந்தா என்ன ஆயிருக்கும்?

திருவாரூர் பேனல்: சந்திரன்ல நெல்லு அவிக்கிறாங்களா? கரன்ட் போயி வந்தா?

கும்பகோணம் கோடர்: சொல்லிட்டேன், பூட்ல படிக்கணும்!

திருவாரூர் பேனல்: அதத்தான் சொல்றேன், படிக்கணும்ல? நீங்க ஒரு தடவை, நான் ஓயாம. மிதவை அலையில ஆடுறப்போ ஒரு ரொம்பலுக்கு எத்தனை இன்டரப்ட், அதான் உங்க ஈவென்ட் மணி, அடிக்கும்னு எண்ணியிருக்கீங்களா?

கும்பகோணம் கோடர்: ஆட்டம் அடங்குற வரைக்கும் கண்டுக்காம விடுற டிபவுன்ஸ்னு ஒண்ணு இருக்குண்ணே. தொழிற்சாலைக்கே ஈவென்ட் முறையில ஐ.இ.சி. 61499 தரம் 2005லயே வந்தாச்சு.

திருவாரூர் பேனல்: நம்ம பக்கம் எந்த மில்லுல மாட்டியிருக்கு? பி.எல்.சி. புரோகிராமுக்கான 61131 தரம் படிச்ச ஐ.டி.ஐ. பசங்கதான் ராத்திரி ரெண்டு மணிக்கு வந்து நிக்கிறான். ஏட்டுச் சுரைக்காய்!

தஞ்சாவூர் தட்டச்சு: மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி திறக்கிறது லூப்பா, ஈவென்ட்டா?

மன்னார்குடி மைனர்: டைமர். அணையில தண்ணி இருந்தாத்தான் அடிக்கும்.

நாகை வாசகன்: கடைமடைக்கு வந்து சேரட்டும், அப்புறம் பேசுங்க.

தஞ்சாவூர் தட்டச்சு: கடைமடைன்னா நீங்க மட்டுமா? பட்டுக்கோட்டைப் பக்கம் வந்து பாருங்க.

திருவாரூர் பேனல்: பேச்சை மாத்தாதீங்க. கரன்ட் போயி வந்தா...

கும்பகோணம் கோடர்: அண்ணே, உங்க கோவம் லூப்புக்காக இல்ல. போன குறுவையப்போ அந்த டிரையர் வேலை எனக்குக் கெடச்சுதுல்ல, அந்தக் காந்தல்.

திருவாரூர் பேனல்: அடிமாட்டு ரேட்டுக்கு எடுத்தீங்க. இப்ப அதை யார் சரி பண்ணிட்டிருக்கான்னு மில்காரர்கிட்ட கேளுங்க.

கும்பகோணம் கோடர்: ஏன், நீங்களே சொல்லுங்களேன்.

அய்யம்பேட்டை ரிலே: அண்ணே, நடுவுல ஒரு டவுட். 7.5 எச்.பி. மோட்டாருக்கு கரன்ட் விடுற காண்டாக்டர் ஒட்டிக்குது, எது வாங்கலாம்?

திருவாரூர் பேனல்: தம்பி, கொஞ்சம் இருங்க. கோடரே, அந்த வேலைக்கு ஜி.எஸ்.டி. பில் போட்டீங்களா, முதல்ல அதைச் சொல்லுங்க.