மேல வீதி வீடு (குடும்பம் மட்டும்): கான்குன் போவது யார் யார்?

ஹூஸ்டன் அண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். பிள்ளைகளுக்கு மார்ச் லீவு. 17 முதல் 21 வரை மெக்சிகோ, கான்குன். அப்பா, அம்மா, நாங்கள் நாலு பேர். இன்று ராத்திரிக்குள் டிக்கெட் போட வேண்டும், விலை ஏறிக்கொண்டே போகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, அதனால் மாயன் என்ற அந்தப் பக்கத்துப் பழைய மக்கள் கட்டிய இடங்களில் ஏதாவது ஒன்றுதான். சிச்சேன் இட்சாவா, துலுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

நான்: கான்குனா!! அம்மா, காலையில் அவ்வளவு நேரம் பேசினாய், சொல்லவே இல்லையே

அம்மா: எனக்கே இப்போதுதான் தெரியும்

பெரியப்பா: நல்லது. விசா?

ஹூஸ்டன் அண்ணன்: வேண்டாம் பெரியப்பா. அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோவில் தனி விசா கேட்பதில்லை. இந்திய பாஸ்போர்ட்டே போதும்.

நியூஜெர்சி அத்தை: கிரீன் கார்டு இருந்தாலும் கேட்பதில்லை. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.

கோவை சித்தப்பா: ஆரம்பம்

டாலஸ் மாமா: மருமகனே, நான் இரண்டு முறை போனவன். விவரமாகவே சொல்கிறேன். கான்குனில் இருந்து சிச்சேன் இட்சா 200 கி.மீ., காரில் இரண்டரை மணி நேரம். துலும் 130 கி.மீ., கடற்கரையை ஒட்டியே தெற்கே போக வேண்டும். சிச்சேனில் நடுவில் நிற்பது குக்குல்கான் பிரமிட். குக்குல்கான் என்றால் இறகு முளைத்த பாம்புச் சாமி. நாலு பக்கமும் 91 படி, உச்சியில் மேடை ஒன்று. கூட்டிப் பாருங்கள், 365. வருஷத்தின் நாள் கணக்கு! மார்ச் 20, 21 வாக்கில் சாயங்கால வெயிலில் வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவர்மேல் வெளிச்சம் முக்கோணம் முக்கோணமாக விழும். அடியில் கல்லில் செதுக்கிய பாம்புத் தலை இருக்கிறது. இரண்டும் சேர்ந்து, மேலிருந்து பாம்பு இறங்கி வருகிற மாதிரியே இருக்கும். நீங்கள் போகிற தேதி சரியாக அதுதான். இதை விட்டுவிட்டு கடற்கரையில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்வது.

அம்மா: 365 படியா?? என்னால் ஆகாது தம்பி

டாலஸ் மாமா: ஏறவே விடுவதில்லை அக்கா. கீழே நின்று பார்ப்பதுதான்.

அம்மா: அப்பாடா

ஹூஸ்டன் அண்ணி: படி ஏற வேண்டாத கோயில். அத்தைக்கு இதைவிட என்ன வேண்டும்

நியூஜெர்சி அத்தை: எந்த அத்தை?

ஹூஸ்டன் அண்ணி: என் மாமியாரைச் சொன்னேன் 🙂

ஹூஸ்டன் அண்ணன்: மாமா, அந்த இரண்டு நாளும் கூட்டம் அள்ளுமே. ஆயிரக்கணக்கில் வருவார்களாமே.

டாலஸ் மாமா: முன்னும் பின்னும் சில நாள் அந்த நிழல் தெரியும். 18ஆம் தேதியே போங்கள். இன்னொன்று, கான்குன் இருப்பது கின்டானா ரூ மாநிலம், சிச்சேன் இருப்பது யுகடான் மாநிலம். அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும்.

அப்பா: ஒரு மணி லாபம்

டாலஸ் மாமா: திரும்பும்போது நஷ்டம் அத்தான்

அம்மா: சுகர் மாத்திரை எந்த மணிக்குப் போடுவது?

பெரியப்பா: [பல முறை பகிரப்பட்டது] மாமுனி மயன் தமிழனே! கடல் கடந்து சென்று பிரமிட் கட்டிய தமிழ்ச் சிற்பி! மயன் என்ற பெயரே மாயன் ஆனது! உலகம் மறைத்த உண்மை! பத்துப் பேருக்காவது அனுப்புங்கள்!

பெங்களூர் அக்கா: அப்பா, இதை நாலாவது தடவையாகப் போடுகிறீர்கள்

பெரியப்பா: கன்னியாகுமரி வள்ளுவர் சிலையைச் செய்த கணபதி ஸ்தபதியே சொல்லியிருக்கிறார். அவரைவிட உனக்குத் தெரியுமா?

பெங்களூர் அக்கா: சிலை செய்வதில் அவர் கால் தூசிக்கு வரமாட்டேன். ஆனால் பெயர் ஒத்துப்போனால் உறவு ஆகிவிடாது. சிச்சேன் இட்சா என்பதே அவர்கள் மொழி. சி என்றால் வாய், சேன் என்றால் கிணறு. இட்சா என்ற கூட்டத்தாரின் கிணற்று வாய். இதில் தமிழ் எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

பெரியப்பா: சேன். கேணி. பார்த்தாயா?

பெங்களூர் அக்கா: அப்பா!!!

கோவை சித்தப்பா: கேணி 😂😂 அண்ணன் விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது

பெங்களூர் அக்கா: விளையாட்டு இல்லை சித்தப்பா. அந்த மக்கள் எங்கேயும் காணாமல் போகவில்லை. யுகடானில் இன்றைக்கும் லட்சக்கணக்கான பேர் வீட்டில் மாயா மொழிதான் பேசுகிறார்கள். அவர்கள் ஊருக்கே போய், உங்கள் தாத்தா கட்டவில்லை, எங்கள் தாத்தா கட்டினார் என்றால் எப்படி இருக்கும்? கங்கைகொண்டசோழபுரத்தை வேறு யாரோ வந்து கட்டிக்கொடுத்தார்கள் என்று ஒருத்தன் சொன்னால் நீங்கள் சும்மா விடுவீர்களா?

பெரியப்பா: அது வேறு

டாலஸ் மாமா: பெரிய அத்தான், பாப்பா சொல்வது சரிதான். எங்களைக் கூட்டிப்போன கைடு வீட்டில் மாயா பேசுகிறவர். பிரமிட் படிக்கட்டுக்கு நேரே நிற்க வைத்து ஒரே ஒரு தடவை கை தட்டச் சொன்னார். திரும்பி வந்தது கைதட்டல் சத்தம் இல்லை. கீ...யூ என்று வழுக்கிக்கொண்டு இறங்குகிற ஒரு பறவைக் குரல். அவர்கள் புனிதமாக வைத்திருந்த கெட்சால் பறவை அப்படித்தான் கூவுமாம். நாங்கள் பன்னிரண்டு பேரும் மாற்றி மாற்றித் தட்டிக்கொண்டே இருந்தோம், அவர் அடுத்த இடத்துக்குப் போயே விட்டார்.

பெரியப்பா: மாப்பிள்ளையும் அந்தப் பக்கமா. சரி சரி.

கோவை சித்தப்பா: இவர்கள்தானே 2012ல் உலகம் அழியும் என்றது?

பெங்களூர் அக்கா: அழியும் என்று அவர்கள் சொல்லவே இல்லை. அந்த வருஷம் டிசம்பர் 21ல் அவர்கள் நாள் கணக்கில் பக்தூன் என்ற பெரிய சுற்றில் 13ஆவது முடிந்தது. நம் அறுபது வருஷம் சுற்றி முடிந்து மறுபடி பிரபவ வருகிறதே, அந்த மாதிரி. மற்றதெல்லாம் டிவிக்காரர்கள் கட்டியது.

அப்பா: அந்த வருஷம்தான் தம்பி என்னிடம் 40,000 வாங்கினான். உலகம் அழியாமல் இருந்தால் பொங்கலுக்குத் தருகிறேன் என்றான்.

அப்பா: அழியவில்லை

நான்: 😂😂😂

கோவை சித்தப்பா: அண்ணா 🙏 இங்கே டவர் சரியாக இல்லை

ஹூஸ்டன் அண்ணன்: டிக்கெட்!!! சிச்சேனா துலுமா?

டாலஸ் மாமா: துலும் பற்றி இன்னும் சொல்லவே இல்லையே. அது கோட்டைச் சுவர் உள்ள ஊர். மூன்று பக்கம் சுவர், நாலாவது பக்கம் 12 மீட்டர் பாறைச் சரிவு, கீழே கடல். பெரிய கட்டடம் எதுவும் கிடையாது, சிச்சேனைப் பார்த்துவிட்டுப் போனால் சப்பென்று இருக்கும். ஆனால் அந்த நீலத்துக்கு முன்னால் சாம்பல் நிறக் கல்லைப் பார்த்தால் வாய் அடைத்துப்போகும். 1518ல் ஸ்பானியர் கப்பலில் போகும்போது கரையில் ஒரு பெரிய ஊரைப் பார்த்து, செவில் நகரம் அளவு இருக்கும் என்று எழுதிவைத்தார்கள். துலும்தான் அது என்கிறார்கள். ஒரு கோயில் வாசலுக்கு மேலே தலைகீழாக இறங்குகிற சாமி ஒன்று இருக்கிறது, கால் மேலே, தலை கீழே. நிழல் கிடையாது, தொப்பி முக்கியம். சுவர் முழுக்க இகுவானா வெயில் காயும்.

அம்மா: இகுவானா என்றால்?

நான்: உடும்பு மாதிரி இருக்கும்மா. பெரிய பல்லி என்று வைத்துக்கொள்

அம்மா: நான் ஹோட்டலிலேயே இருந்துகொள்கிறேன்

கோவை சித்தப்பா: அண்ணி, தலையில் விழுந்தால் என்ன பலன்?

பெரியப்பா: பஞ்சாங்கம் எடுத்துப் பார்க்கிறேன்

அப்பா: டவர் வந்துவிட்டதா தம்பி

டாலஸ் மாமா: அக்காவின் முட்டிக்கு நான் ஒரு வழி சொல்கிறேன். கோபா! துலுமில் இருந்து முக்கால் மணி நேரம். காட்டுக்குள் இருக்கிற ஊர். நோஹோச் முல் பிரமிட் 42 மீட்டர், சிச்சேனைவிட உயரம். அங்கிருந்து நூறு கி.மீ. தூரம் காட்டை வெட்டி வெள்ளைச் சுண்ணாம்பில் ரோடு போட்டிருக்கிறார்கள், சக்பே என்று பெயர். முக்கியமான விஷயம், உள்ளே மூன்று சக்கர சைக்கிள் கிடைக்கும். நம் ரிக்‌ஷா மாதிரிதான், ஆனால் சீட் முன்னால். இரண்டு பேர் உட்கார்ந்துகொள்ளலாம், பின்னால் ஒருத்தர் மிதிப்பார்.

அம்மா: ஒருத்தர் மிதிக்க நான் சொகுசாக உட்கார்ந்து போவதா? பாவம்

ஹூஸ்டன் அண்ணன்: மாமா, நான் இரண்டில் ஒன்று கேட்டேன். நீங்கள் மூன்றாக்கிவிட்டீர்கள்.

ஹூஸ்டன் அண்ணி: பிள்ளைகளுக்குக் கடல் வேண்டும். பாசி ஒதுங்குமாமே?

டாலஸ் மாமா: சர்காசம். பழுப்பாக, மெத்தை மெத்தையாக ஒதுங்கும். காய்ந்து அழுகினால் கூமுட்டை நாற்றம். கோடையில்தான் மோசம், மார்ச்சில் தப்பிக்கலாம், ஆனால் நிச்சயம் சொல்ல முடியாது. பேசாமல் ஒரு நாள் இஸ்லா முகேரஸ் தீவுக்குப் படகில் போய்விடுங்கள், இருபது நிமிஷம்தான். வடக்குக் கரையில் இடுப்பளவு தண்ணீர். அப்புறம் செனோட்டே. யுகடானில் தரைமேல் ஆறே கிடையாது. எல்லாம் சுண்ணாம்புப் பாறை, மழைத் தண்ணீர் கீழே இறங்கிவிடும். மேல்கூரை இடிந்த இடத்தில் கிணறு மாதிரி திறந்திருக்கும். சிச்சேன் பக்கத்தில் இக்கில் என்று ஒன்று, 26 மீட்டர் கீழே தண்ணீர், மேலிருந்து மரவேர் கயிறு கயிறாகத் தொங்கும். குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், சன்ஸ்க்ரீன் பூசிக்கொண்டு

டாலஸ் மாமா: இறங்கக் கூடாது. பாதியில் அனுப்பிவிட்டேன்.

பெரியப்பா: அதுதான் கேணி

நியூஜெர்சி அத்தை: நன்றாகப் போய்வாருங்கள். போட்டோ போடுங்கள். நயாகரா போனதும் போட்டோ பார்த்துத்தானே எங்களுக்குத் தெரிந்தது. இங்கிருந்து ஏழு மணி நேரம்தான்.

(ஐந்து நிமிஷம் ஒருவரும் எழுதவில்லை)

அம்மா: அது திடீரென்று கிளம்பியதும்மா

நியூஜெர்சி அத்தை: இட்லிப்பானை எடுத்துக்கொண்டு போனீர்களே அண்ணி, போட்டோவில் பின்னால் தெரிந்தது

ஹூஸ்டன் அண்ணன்: அத்தை, நீங்களும் மாமாவும் வாங்க. உங்களைக் கேட்கத்தான் இருந்தேன்.

நியூஜெர்சி அத்தை: வேண்டாம்பா. மாமாவுக்கு லீவு கிடைக்காது. நானும் சைவம், அங்கே என்ன சாப்பிடுவது.

டாலஸ் மாமா: பீன்ஸ் என்று நம்பி வாங்காதீர்கள், பன்றிக் கொழுப்பில் தாளிப்பது உண்டு. சின் மான்தேகா என்று சொல்லிக் கேளுங்கள், கொழுப்பு இல்லாமல் என்று அர்த்தம். சோள ரொட்டி, அவகாடோ, பூசணி விதைத் துவையல் கிடைக்கும். துவையல் நம் எள்ளுத் துவையல் மாதிரியே இருக்கும். மிளகாய், தக்காளி எல்லாமே அந்தக் கண்டத்தில் இருந்து நமக்கு வந்ததுதான்.

அம்மா: நான் புளிக்காய்ச்சல் செய்துவிடுகிறேன்

ஹூஸ்டன் அண்ணன்: அம்மா, போன தடவை பெட்டியில் கொட்டியது

அம்மா: அது மூடி சரியில்லை

நியூஜெர்சி அத்தை: எத்தனை மணி ஃப்ளைட்?

நான்: 👀

ஹூஸ்டன் அண்ணன்: சரி. 18 சிச்சேன், 19 தீவு, 20 துலும் அல்லது கோபா, அம்மா மனசைப் பொறுத்து. ஆறு பேரா எட்டு பேரா? வண்டி பெரிதாக எடுக்க வேண்டுமா என்று தெரிய வேண்டும்.

அப்பா: 👍

ஹூஸ்டன் அண்ணன்: அப்பா, எதற்கு 👍?

பெரியப்பா: பார்த்துவிட்டேன். பல்லி தலையில் விழுந்தால் கலகம். உடும்புக்குப் போடவில்லை.

நியூஜெர்சி அத்தை: மாமா பாஸ்போர்ட் தேடுகிறார். வருகிறோம் என்று அர்த்தம் இல்லை. சும்மா தேடுகிறார்.