இலவச ஹோஸ்டிங்கில் விளம்பரமும் சர்வர் மென்பொருள் உரிமமும்

கேள்வி (சேரன்மகாதேவி):
பத்தமடைக் கோரைப் பாய்களைப் படங்களுடன் அறிமுகப்படுத்தும் சிறு தளம் ஒன்றை, தளங்களுக்கு இணையத்தில் இடம் தரும் ஒரு நிறுவனத்தின் இலவச ஹோஸ்டிங்கில் நடத்துகிறோம். அந்நிறுவனம் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் விளம்பரப் பட்டை போடுகிறது. பட்டுப்பாயின் படத்துக்கு நேர் மேலே பிளாஸ்டிக் பாய் விளம்பரம் வந்து நின்றதைக் கண்டு, அதை நெய்த அக்கா மனம் நொந்துவிட்டார். பக்கங்களை அனுப்பும் சர்வர் மென்பொருளான அப்பாச்சியும், தளத்தை அமைக்க உதவும் வேர்ட்பிரஸ்ஸும் யாரும் பயன்படுத்தித் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்கள் என்பதால், பட்டையை மறைத்துவிட்டு எங்கள் விளம்பரத்தைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில் (பாளையங்கோட்டை):
அண்ணாச்சி, இங்கே தடை மென்பொருளில் இல்லை. 2004இல் வெளிவந்த அப்பாச்சி உரிமம் 2.0, வேர்ட்பிரஸ்ஸுக்குரிய ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம் ஆகிய இரண்டுமே வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கின்றன. விளம்பரத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. உங்களைக் கட்டுப்படுத்துவது, கணக்கு தொடங்கும்போது ஒப்புக்கொண்ட சேவை விதிகளே. இடத்துக்கான வாடகையே அந்தப் பட்டைதான் என்பதால், அதை மறைத்தால் கணக்கையே முடக்கிவிடக்கூடும். முதலில் படங்களையும் தரவுத்தளத்தையும் இறக்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் (தென்காசி):
ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். ஜிபிஎல்லின் இன்னொரு வகையான ஏஜிபிஎல் உரிமமுள்ள மென்பொருளைத் திருத்தி சர்வரில் இயக்கினால், வலை வழியே அதைப் பயன்படுத்துவோருக்குத் திருத்திய மூலநிரலைத் தர வேண்டும். சாதாரண ஜிபிஎல்லில் அந்தக் கட்டாயம் இல்லை.

சொந்த விளம்பரம் வேண்டுமென்றால் கூகுளின் இலவச வலைப்பதிவுச் சேவையான பிளாகர் பொருந்தும். அங்கே கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் இணைக்கலாம். 2018 முதல் தமிழ்ப் பக்கங்களையும் அது ஏற்கிறது. தளம் வைக்க இலவசமாக இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் தானாக விளம்பரம் போடாது. ஆனால் இணையக் கடை நடத்த அதன் விதிகள் இடம் தரவில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பட்டையில் கை வைக்காமல், படங்களை இறக்கிக்கொண்டு பிளாகருக்கு மாறுகிறோம்.