கடலடிக் குழாய்க்கு ஆனோடு கணக்கு: இரண்டு மென்பொருள்கள் இரண்டு விடை தருவது ஏன்?

கேள்வி

கடலடி மண்ணில் புதைக்கப்படவிருக்கும் 10 கிலோமீட்டர் நீளக் கச்சா எண்ணெய்க் குழாய் ஒன்றுக்கு, 25 ஆண்டு ஆயுளுக்குத் தேவையான அலுமினிய ஆனோடுகளை (எஃகு அரிக்கப்படாமல் காக்கத் தாமே கரைந்து மின்னோட்டம் தரும் உலோகக் கட்டிகள்) கணக்கிடும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. வெளிவிட்டம் 508 மில்லிமீட்டர், சுவர்த் தடிமன் 15.9 மில்லிமீட்டர், எண்ணெயின் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸ். மூன்றடுக்கு பாலிஎத்திலீன் பூச்சும் அதன் மேல் கான்கிரீட் உறையும் உண்டு. பூச்சுச் சேதத்தை ஆயுள் முழுவதற்கும் சராசரியாக 1 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும்படி திட்ட ஆவணம் சொல்கிறது. இதே விவரங்களை அலுவலகத்தில் கைமாறிக் கைமாறி வந்த எக்செல் தாளில் இட்டால் 437 கிலோ போதும் என்கிறது. உரிமம் வாங்கிய மென்பொருளோ 1,606 கிலோ கேட்கிறது. இவ்வளவு பெரிய வேறுபாட்டை மேலாளரிடம் எப்படி விளக்குவது? பீசி (BEASY), காம்சால் (COMSOL) போன்ற கணினி உருவகப்படுத்தல் மென்பொருள்களில் முழு மாதிரி அமைத்தால்தான் சரியான விடை கிடைக்குமா?

பதில் 1

முழு மாதிரிக்குப் போகும் முன் ஒரு கால்குலேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். குழாயின் வெளிப்பரப்பு ஏறத்தாழ 15,960 சதுர மீட்டர். அதில் 1 சதவீதம், அதாவது சுமார் 160 சதுர மீட்டர் எஃகுதான் கடலுக்கு வெறுமையாக நிற்கப்போகிறது. புதைந்த குழாயைக் காக்க வெற்று எஃகின் சதுர மீட்டருக்கு 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வேண்டும் என்று வைத்தால் 3.19 ஆம்பியர் வரும். அதை 25 ஆண்டுகளின் 2,19,000 மணி நேரத்தால் பெருக்கி, கிலோவுக்கு 2,000 ஆம்பியர்-மணி என்ற ஆனோடு கொள்திறனாலும் (ஒரு கிலோ கரையும்போது தரும் மின்னூட்டம்), குழாயைச் சுற்றி மாட்டும் வளையல் ஆனோடுகளுக்குரிய 0.8 பயன்பாட்டுக் காரணியாலும் (எடையில் உண்மையில் பயன்படும் பங்கு) வகுத்தால், உங்கள் 437 கிலோ அப்படியே வந்து நிற்கும். ஆகவே அந்தத் தாள் கூட்டல் கழித்தலில் தவறவில்லை. 2,000 என்ற எண்ணைத்தான் கேட்காமலே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த எண் குளிர்ந்த கடல்நீரில் தொங்கும் ஆனோடுக்கு உரியது. ஐஎஸ்ஓ 15589-2 தரநிலையின் அட்டவணைப்படி, மண்ணில் புதைந்த அலுமினிய ஆனோடின் கொள்திறன் 30 டிகிரி வரை 1,500. 60 டிகிரியில் 680. 80 டிகிரியில் வெறும் 320. இங்கே பார்க்க வேண்டியது கடலின் வெப்பநிலை அன்று, ஆனோடு மேற்பரப்பின் வெப்பநிலை. வளையல் ஆனோடு சூடான குழாயைக் கட்டிக்கொண்டே கிடப்பதாலும், மேலே மூடிய சேறு வெப்பத்தை எளிதில் விடாததாலும், எண்ணெயின் வெப்பநிலையையே ஆனோடுக்கும் கொள்வது பாதுகாப்பான வழி. அத்துடன் 50 டிகிரியைத் தாண்டிய புதைகுழாய்க்கு டிஎன்வி என்ற தரச்சான்று நிறுவனத்தின் பரிந்துரை எஃப்103, சதுர மீட்டருக்கான அந்த மின்னோட்டத்தை 25 மில்லி ஆம்பியராக உயர்த்துகிறது. இந்த இரண்டையும் மாற்றிப் போடுங்கள்: 3.99 ஆம்பியர், 1,606 கிலோ.

பதில் 2

மேலே உள்ள விளக்கத்தை முழுவதும் ஏற்கிறேன். பீசி பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். அது பயன்படுத்தும் எல்லை உறுப்பு முறை கடல்நீர் முழுவதையும் வலையாகப் பிரிக்காமல் உலோகப் பரப்புகளை மட்டும் பிரித்துக் கணக்கிடுவதால், எல்லையற்ற கடலுக்கு அது பொருத்தமான முறைதான். ஆனால் ஒரே சீராகப் பூசப்பட்ட நேர்க்குழாய்க்கு அது சொல்லப்போவது நீங்கள் கையால் கண்டதையே. கொள்திறனை நீங்கள் 2,000 என்று கொடுத்தால் அதுவும் 437 கிலோ போதும் என்றுதான், வண்ணப் படத்தோடு, சொல்லும். கடலில் நிற்கும் எண்ணெய் மேடையின் கால்களுக்கு அருகில், மற்றொரு குழாயைக் கடக்கும் இடத்தில், அல்லது மின்காப்பு இணைப்பு இல்லாமல் குழாய் மேடையோடு சேரும்போது மேடையின் ஆனோடுகள் தீர்ந்துபோய்க் குழாயின் ஆனோடுகளிடமிருந்து மின்னோட்டத்தை உறிஞ்சும் நிலையில்தான் அந்த மாதிரிக்குச் செலவிடும் நேரம் பலன் தரும்.

உங்கள் நிலையில் நானாக இருந்தால் வேறொன்றைக் கணக்கிட்டுப் பார்ப்பேன். ஆனோடுகளைச் சூடான சேற்றில் வைக்காமல், இரு முனைகளிலும் திறந்த கடல்நீரில் சட்டங்களின் மேல் வைத்துக் கம்பியால் இணைத்தால் என்ன? எஃகின் மின்தடைமையை 0.2 மைக்ரோ ஓம் மீட்டர் என்று கொண்டால், உங்கள் குழாயின் 5 கிலோமீட்டருக்கு 0.041 ஓம் தடைதான் வருகிறது. ஒவ்வொரு முனையிலிருந்தும் 2 ஆம்பியர் புறப்பட்டு வழிநெடுகச் சீராகச் செலவானால், நடுப்பகுதியில் மின்னழுத்த இழப்பு சுமார் 41 மில்லிவோல்ட். இறுதி ஆண்டுகளில் பூச்சுச் சேதம் 2 சதவீதமானாலும் 81. ஆனோடின் −1.05 வோல்ட்டுக்கும் எஃகுக்குத் தேவையான −0.80 வோல்ட்டுக்கும் இடையே 250 மில்லிவோல்ட் இருக்கிறது. மீதமுள்ளதை ஆனோடு–கடல்நீர்த் தடைக்கு ஒதுக்கலாம். சேற்றில் ஆக்சிஜனற்ற நிலையும் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்களும் இருந்தால் −0.90 வோல்ட் தேவைப்படும். அப்போது இடைவெளி 150 ஆகக் குறுகிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் நன்றி. எக்செல் தாளைத் திறந்து பார்த்தேன். வெப்பநிலைக்கான கட்டம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதை எந்தச் சூத்திரமும் தொடவில்லை. கொள்திறன் 2,000 என்பது மறைத்துவைக்கப்பட்ட ஒரு நெடுவரிசையில் நேரடியாகத் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. இதே தாளில் கணக்கிட்ட முந்தைய சூடான குழாய்களின் பட்டியலை மேலாளர் இப்போது கேட்டிருக்கிறார்.

பதில் 1

பட்டியலோடு, அந்தக் குழாய்களில் கடைசியாக நீரடி இயந்திரத்தை (தொலைவிலிருந்து இயக்கும் ஊர்தி) இறக்கிச் செய்த ஆய்வின் மின்னழுத்த அளவுகளையும் கேட்டு வாங்குங்கள். ஆனோடு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதைப் புதைந்த குழாயில் கேமராவால் காண முடியாது என்பதால், மண்ணுக்கு மேல் குழாய் வெளிப்பட்டிருக்கும் இடங்களில் முள்முனையை எஃகில் குத்தி எடுத்த அளவுகளை முதலில் பாருங்கள்.